கத்திரி வெயிலில் தக்காளி: வேலூர் மொட்டை மாடியில் ஒரு கோடை

கோடையில் தக்காளிச் செடி சாவதில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். மாடித்தோட்டம் போடுகிற பலர், வெயிலில் எல்லாம் கருகிவிடும் என்ற பயத்தில் மார்ச் மாதமே தக்காளி வளர்க்கிற பைகளைக் காலி செய்துவிடுகிறார்கள். வேருக்குத் தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்தால் 40, 42 டிகிரியிலும் செடி பச்சையாக நிற்கும். பூக்கவும் செய்யும். அந்தப் பூ காயாவதில்லை, அதுதான் சிக்கல். வேலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சில கோடைகளாக நான் மெனக்கெட்டதெல்லாம் இந்த ஒரு சிக்கலோடுதான். செய்ததில் எது பலன் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன். நம்மைப் போலவே வெயில் காய்கிற ஊர்க்காரர்களுக்கு உதவும்.

பூ ஏன் நிற்பதில்லை

பூக்காம்பை உற்றுப் பாருங்கள். காம்பின் நடுவில் விரல் கணு போல லேசாகப் புடைத்த ஓர் இடம் இருக்கும். காயாகாத பூவில் அந்த இடம்தான் முதலில் மஞ்சளாகும். காம்பு பச்சையாகவே இருக்கும், புடைப்பு மட்டும் வெளுத்திருக்கும். ஓரிரு நாளில் விரல் பட்டாலே அங்கே துண்டாகி விழுந்துவிடும். பூ வாடக்கூட ஆரம்பித்திருக்காது. காலையில் பைக்கு அடியில் முழுப் பூக்கள் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தால், பூச்சி மருந்தைத் தேடுவதற்கு முன்னால் இந்தப் புடைப்பைப் பார்த்துவிடுவது நல்லது. கருவுறாத பூவைச் செடி தானாகவே கழற்றி விடுகிறது.

தக்காளிப் பூவுக்குள் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். மஞ்சள் இதழ்கள் பின்னால் மடங்கியதும் நடுவில் கூம்பாக நீட்டிக்கொண்டிருப்பவை மகரந்தப் பைகள். மகரந்தத்தை வாங்குகிற பெண் பாகத்தின் நுனியான சூலகமுடி அந்தக் கூம்புக்கு உள்ளே மறைந்திருக்கும். காற்றில் பூ ஆடினாலோ, வண்டு வந்து தொங்கி உடம்பை அதிர வைத்தாலோ போதும், கூம்புக்கு உள்ளேயே மகரந்தம் கொட்டி வேலை முடிந்துவிடும். மார்ச்சில் காலை எட்டு மணி வாக்கில் போன் திரையை அணைத்துப் பூவுக்கு அடியில் பிடித்து, காம்பை விரலால் சுண்டினால், கறுப்புத் திரையில் வெளிர்மஞ்சள் தூள் படிவது கண்ணுக்கே தெரியும். அதே செடியில் மே மாதம் அதே நேரத்தில் சுண்டிப் பாருங்கள். ஒன்றும் விழாது, விழுந்தாலும் பேருக்குத்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சில பூக்களில் சூலகமுடி கூம்பைத் தாண்டிப் பச்சைப் புள்ளியாக வெளியே நீண்டு நிற்கும். கடும் சூட்டில் இப்படி நீளும். அப்போது உள்ளே கொட்டுகிற கொஞ்ச நஞ்ச மகரந்தமும் அதன் மேல் படாது.

பகலில் 35 டிகிரியைத் தாண்டுவது கெடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும். பலரும் கணக்கில் எடுக்காதது இரவு. தக்காளி காய் பிடிக்க இரவில் 15 முதல் 21 டிகிரி வரை இருந்தால் நல்லது. 24, 25ஐத் தாண்டினால் சாதாரண ரகங்களில் காய்ப்பு மளமளவென்று குறையும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் செடி இது, குளிர்ந்த ராத்திரிக்குப் பழகியது. வேலூரில் மே மாத விடியற்காலையிலேயே 27, 28 டிகிரி இருக்கும். நமக்குத் தக்காளி வருகிற மதனப்பள்ளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோலார் 800 மீட்டருக்கும் மேல். வேலூர் 200 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அந்த ஊர்களிலும் வெயில் அடிக்கிறது, ஆனால் பொழுது சாய்ந்ததும் சூடு இறங்கிவிடுகிறது. அந்தச் சில டிகிரிதான் அவர்கள் லாரி லாரியாக ஏற்றுவதற்கும் நாம் பூவைப் பொறுக்குவதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்.

இன்னொரு விஷயம், மகரந்தம் பூ விரிகிற அன்றைக்கு உருவாவதில்லை. மொட்டு சிறிதாக இருக்கும்போதே, பூப்பதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் முன்னால் உருவாகிறது. சூடு தாக்குவதும் அந்தக் கட்டத்தில்தான். அதனால் கோடை மழை ஒன்று பெய்து ஊரே குளிர்ந்த மறுநாள் பூ நிற்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். அந்தக் குளிர்ச்சியின் பலன் பத்து நாள் கழித்து விரிகிற பூவில் தெரியும். பூ காயாகிப் பழுக்க இன்னும் ஆறேழு வாரம். ஏப்ரல், மே வெயிலில் காய் பிடிக்காமல் போனது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் சந்தையில் விலையாக வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றது நினைவிருக்கும்.

நாள் பார்த்து விதைப்பது

இதெல்லாம் புரிந்த பிறகு நான் முதலில் மாற்றியது விதைக்கும் நாளை. கோடை வந்த பிறகு கோடைத் தக்காளி போட முடியாது. டிசம்பர் கடைசியில் விதை போடுகிறேன். நாற்று ஜனவரி கடைசியில் பைக்கு மாறுகிறது. பிப்ரவரி கடைசியில் பூ. மார்ச் முழுக்கவும் ஏப்ரல் முதல் வாரங்களிலும் இரவு இன்னும் தாங்கக்கூடியதாக இருக்கும்போதே முடிந்தவரை காய் பிடித்துவிட வேண்டும். கத்திரி தொடங்கும்போது செடியில் பூ இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. முற்றிய காய்கள் இருந்தால் போதும். பிடித்துவிட்ட காய் வெயிலில் பருக்கும், பழுக்கும். காய் பிடிக்கிற அந்த ஒரு கட்டம்தான் சூட்டைத் தாங்காது.

ரகம் முக்கியம்தான், ஆனால் ரகத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார முடியாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம் 1 எனக்கு நம்பிக்கையான செடி. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து வந்தது. தட்டையான உருண்டைப் பழம், தோள்பட்டையில் பச்சை இருக்கும், புளிப்பு உண்டு. நம் குழம்புக்கு ஏற்ற தக்காளி. விதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா சதாபஹார், இரவு 30 டிகிரி வரை போனாலும் காய் பிடிக்கும் என்று சொல்லி வெளியிட்ட ரகம். விதை கிடைப்பதுதான் நம் பக்கத்தில் கஷ்டம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஐ.எச்.ஆரின் அர்கா ரக்ஷக், இலைச்சுருள் வைரஸ், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்குகிற வீரிய ஒட்டு. வெள்ளை ஈ தொல்லை இருக்கும் இடத்தில் அதற்கு ஒரு பை ஒதுக்கலாம். அப்புறம் செர்ரி தக்காளி. சின்ன பழ ரகங்கள் சூட்டில் பெரிய பழ ரகங்களைவிடச் சுலபமாகக் காய் பிடிக்கின்றன. மற்ற செடிகள் மொட்டையாக நிற்கிற மே மாதத்திலும் செர்ரி கொத்தில் நாலைந்தாவது நிற்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது ஒன்று கட்டாயம் வேண்டும்.

நாற்றுக்கு வலை போடுவதை விட்டுவிடாதீர்கள். வெள்ளை ஈ இளம் நாற்றில் வந்து உட்கார்ந்து இலைச்சுருள் வைரஸைக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் எந்தக் கரைசலும் காப்பாற்றாது. நாற்றுத் தட்டின் மேல் கம்பியை வளைத்து, கொசுவலையைவிட நெருக்கமான பூச்சித் தடுப்பு வலையைப் போர்த்தி, ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்திவிடுகிறேன். பைக்கு மாற்றுகிற நாள்வரை வலை அப்படியே இருக்கும்.

தளத்தின் சூடு

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். பலனும் இதில்தான் அதிகம்.

மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வெளியே விடுகிறது. ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியை வாங்கி, ஒரு வாரம் தலை உயரத்திலும் ஒரு வாரம் பை உயரத்திலுமாக மாற்றி மாற்றித் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்கிற வகை, விலை அதிகமில்லை. மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு முழங்கால் உயரத்தில் காட்டிய சூடு தலை உயரத்தில் இருப்பதைவிட இரண்டு, மூன்று டிகிரி கூடுதல். வானிலை அறிக்கையில் சொல்கிற இரவு வெப்பநிலையை நம் செடி பார்ப்பதே இல்லை. ஊருக்கு 27 என்றால் தளத்தின் மேல் வைத்த தக்காளிக்கு 30.

அதனால் பைகளைத் தரையிலிருந்து தூக்கினேன். ஹாலோ பிளாக்கை நிறுத்தி, அதன் மேல் சென்ட்ரிங் பலகை. தளத்துக்கும் பைக்கும் நடுவில் ஒரு முழத்துக்குக் குறையாத இடைவெளி, காற்று ஓடுவதற்கு. பையின் அடியில் ஓட்டை வழியாக வடிகிற தண்ணீரும் தேங்காது, தளத்துக்கும் நல்லது. நனைந்த பெரிய பை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் வரும் என்பதால் பலகை வரிசையை அடியில் சுவரோ பீமோ ஓடுகிற கோட்டின் மேல் அமைத்தேன். நடுத்தளத்தில் பாரம் ஏற்றாதீர்கள்.

பை உள்ள பகுதியில் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பெவிகால் கலந்து, இரண்டு பூச்சு. அடித்த பிறகு மத்தியானம் வெறுங்காலோடு அந்தப் பகுதியில் நிற்க முடிந்தது. ஓரத்தில் அடிக்காமல் விட்ட இடத்தில் கால் வைக்க முடியவில்லை. கீழே உள்ள அறையிலும் மின்விசிறிக் காற்று சூடாக வருவது குறைந்தது. தோட்டம் போடாதவர்கள்கூடச் செய்யலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தளத்துக்குத் தண்ணீர் தெளிப்பது நம் ஊரில் புதிதல்ல. மாடியில் பாய் போட்டுப் படுத்த காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான். அதையே செடிக்காகச் செய்கிறேன். ஒரு தடவை தெளித்தால் உடனே ஆவியாகிவிடும். கால் மணி நேரம் விட்டு இன்னொரு தடவை. இதற்கு நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம். ஆர்.ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்கிறேன். உப்பு அதிகம் என்பதால் அது செடிக்கு ஆகாது, தளத்துக்குப் போதும்.

பையின் நிறமும் கணக்கில் வருகிறது. கறுப்பு பெயின்ட் டப்பாவில் ஒரு செடி, வெள்ளைப் பையில் ஒரு செடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மதியம் மூன்று மணிக்குச் சமையல் வெப்பமானியின் ஊசியை மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்துக்குச் செருகினேன். கறுப்பு டப்பாவின் மேற்குப் பக்கத்து மண் 43 டிகிரி, வெள்ளைப் பையில் 35. வேர் 43 டிகிரியில் வேலை செய்யாது. மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நிற்பதற்கு அதுதான் காரணம். கறுப்பு டப்பாக்களைச் சாக்கால் சுற்றிவிட்டேன். சணல் சாக்கு கிடைத்தால் நல்லது, அதன் மேலும் தண்ணீர் தெளிக்கலாம்.

மண்ணின் மேல் மூடாக்கு நாலு விரல் கனம். எங்கள் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிற ஊர் என்பதால் மல்லாட்டைத் தோல் மூட்டை கணக்கில் கிடைக்கிறது. லேசாக இருக்கும், காற்று போகும், ஒரு வருஷத்தில் மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விட வேண்டும்.

நிழல் வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கேட்டால் 50 சதவீதமோ 75 சதவீதமோதான் எடுத்துப் போடுவார்கள். தக்காளிக்கு 35 சதவீதம் போதும். 75 போட்டால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளரும், பூவே குறைந்துவிடும். வலையை எட்டடி உயரத்தில் கட்டி நாலு பக்கமும் திறந்துவிட்டிருக்கிறேன். தாழ்வாகக் கட்டினால் சூடான காற்று உள்ளே அடைபட்டு, வலை இல்லாததைவிட மோசமாகிவிடும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு துண்டைத் திரை மாதிரி தொங்கவிட்டு, மதியம் ஒரு மணிக்கு மேல் இறக்குகிறேன். காலை வெயில் முழுசாகப் பட வேண்டும். மூன்று மணி வெயில்தான் காயைச் சுடுகிறது. அது பட்ட காயில் ஒரு பக்கம் வெள்ளையாக, காகிதம் ஒட்டியதுபோல் ஆகி, அப்புறம் அழுகும். அந்தக் காரணத்துக்காகவே ஏப்ரலுக்குப் பிறகு பக்கக் கிளைகளைக் கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். காய்க்கு முதல் நிழல் அதன் இலைதான்.

தண்ணீர்

விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் ஒரு தடவை. பெரிய செடிக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வரை போகும். மாடியில் இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீர் மாலை நாலு மணிக்குக் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வெயிலில் கிடக்கிற ரப்பர் குழாயில் நிற்கிற தண்ணீர் அதைவிட மோசம். கீழே சம்ப்பிலிருந்து ஏற்றிய தண்ணீரைத்தான் விடுகிறேன், குழாயில் முதலில் வருவதைத் தளத்தில் ஓடவிட்டுவிட்டு.

மத்தியானம் இலை சுருண்டு, தலை தொங்கி நிற்கும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், உடனே குழாயைத் திறக்கத் தோன்றும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேர் இழுப்பதைவிட இலை வேகமாக ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கும் துவண்டிருந்தால்தான் வேரில் ஏதோ கோளாறு. இலைச்சுருள் வைரஸையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெயில் சுருள் பெரிய, முதிர்ந்த இலைகளில் இரண்டு ஓரமும் மேலே மடிந்து குழாய்போல் வரும், இலையின் அளவு குறையாது. வைரஸ் என்றால் நுனி இலைகள் சின்னதாக, கிண்ணம்போல் குவிந்து, ஓரம் மஞ்சளாகி, செடியே குட்டையாக நின்றுவிடும். அப்படி ஒரு செடி தெரிந்தால் அன்றைக்கே பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியேற்றிவிடுவது மற்ற செடிகளுக்கு நல்லது.

காயின் அடிப்பாகம் கறுத்து, தோல்போல் அமுங்கிப் போவதைப் பார்த்ததும் எல்லாரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டைப் பொடி செய்து போடச் சொல்வார்கள். எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. சுண்ணாம்புக்கு இங்கே என்ன பஞ்சம்? சத்து மண்ணில் இருக்கிறது, காயின் நுனிக்குப் போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோடு மட்டுமே ஏறும். ஒரு நாள் பை காய்ந்து, மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், ஏறுகிற தண்ணீர் முழுவதையும் இலைகளே இழுத்துக்கொள்ளும். காயின் அடி கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. சொட்டுநீர் போட்டு, டைமரில் காலையும் மாலையும் ஒரே அளவாக விட்ட பிறகு அடிக்கறுப்பு அநேகமாக நின்றுவிட்டது. நீள் உருண்டைப் பழ ரகங்களில் மட்டும் முதல் கொத்தில் ஒன்றிரண்டு வருகிறது. பழம் வெடிப்பதும் இதே கதைதான்.

உப்புத் தண்ணீர் விடுகிறவர்கள் பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு பூக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் ஒரு நாள் காலையில், அடியில் நன்றாக வடிகிற அளவுக்கு, கிடைக்கிற நல்ல தண்ணீரை ஊற்றி அலசி விட வேண்டும். இதே காரணத்துக்காக எங்கள் மண்ணில் நான் சாம்பல் போடுவதில்லை. ஏற்கெனவே காரத்தன்மை அதிகம்.

கத்திரி

மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அக்னி நட்சத்திரத்தில் நான் காயை எதிர்பார்ப்பதில்லை. உழவர் சந்தையில் அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் கேட்டேன். "அண்ணா, பூ நல்லா வருது, ஒண்ணுகூட நிக்கல. ஏதாவது மருந்து இருக்கா?"

"இப்ப காய் கேட்டா எங்கம்மா வரும்? செடிய உசுரோட வச்சிக்கோ. ரெண்டு மழ உழுந்தா தானா புடிச்சிக்கும்" என்றார்.

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகளில் உருப்படியானது இதுதான். பூ உதிராமல் இருக்கக் கடையில் ஹார்மோன் மருந்து கொடுப்பார்கள். தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்த தேமோர்க் கரைசல் தெளிக்கச் சொல்வார்கள். தேமோரை நான் பிப்ரவரி, மார்ச்சில் தெளிக்கிறேன், செடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொட்டுக்குள்ளேயே செத்துப்போன மகரந்தத்தை எந்தக் கரைசலும் எழுப்பாது. மே மாதத்தில் அந்த உழைப்பைத் தளத்தைக் குளிர வைப்பதில் செலவழிப்பது மேல். உரத்தையும் குறைத்துவிடுகிறேன். தழைச்சத்து கூடினால் தளதளவென்று இலை விடும், அந்த இலைக்கும் சேர்த்துத் தண்ணீர் வேண்டும்.

அதற்காகப் பூவை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. ஏப்ரல் முழுக்கவும், மே மாதத்தில் மேகம் மூடிய நாட்களிலும், காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பூங்கொத்தின் காம்பைப் பேட்டரி டூத் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் ஓரிரு நொடி தொடுகிறேன். பூ அதிர்ந்து மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீயால் தக்காளிப் பூவை இப்படி அதிர வைக்க முடியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீயும், மரத்தைத் துளைக்கிற கருவண்டும் செய்யும். மாடியில் துளசியைப் பூக்க விட்டால் நீலப் பட்டைக்காரி வருகிறாள். பூவைக் கவ்விக்கொண்டு அவள் உறுமுகிற சத்தம் பக்கத்தில் நின்றால் காதில் விழும். அவள் வருகிற காலையில் பிரஷ்ஷுக்கு வேலையில்லை. துளசிக் கதிரைக் கிள்ளி எறியாதீர்கள்.

இந்த மாதத்தின் பெரிய எதிரி சிலந்திப் பேன். வறண்ட சூட்டில் பெருகும். இலையின் மேல் ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. காலையில் தண்ணீரை இலையின் அடிப்பக்கமாகப் பீய்ச்சி அடிப்பது, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதிலேயே பெரும்பாலும் கட்டுப்படும். அதையும் மீறினால் வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சூரியன் இறங்கிய பிறகு மட்டும். காலையில் அடித்தால் பத்து மணிக்கு இலை பொரிந்துவிடும்.

மார்ச்சில் பிடித்த காய்கள் இப்போது பழுக்கும். செடியிலேயே விட்டால் சிவப்பாகாது. 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியில் சிவப்பு நிறமி உருவாவது தடைப்படுகிறது, மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிறது. அதனால்தான் கோடைப் பழம் ஆரஞ்சாகவே நின்று, தொட்டால் மெத்தென்று ஆகிவிடுகிறது. காயின் நுனியில் லேசாக வெளிர்சிவப்பு ஏறியதுமே பறித்து, வீட்டில் குளிர்ந்த அறையின் தரையில் தட்டில் பரப்பி வைக்கிறேன். எங்கள் வீட்டில் அது சாமி அறை. சில நாளில் நல்ல சிவப்பாகிவிடும். அணிலுக்கும் தப்பும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும், பழுத்த பிறகும்கூட.

ஜூன், ஜூலை

வேலூரில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே வலுக்காது என்றாலும், ஜூன் மாதத்தில் சாயங்கால இடிமழை சில நாளாவது வரும். மேகம் மூடும், காற்று மாறும். செடியைத் தயாராக வைத்திருக்க வேண்டியது அதற்காகத்தான். மே கடைசி வாரத்தில் காய்ந்த, நோய் பட்ட கிளைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பையிலும் மேல் மண்ணை லேசாகக் கீறி, இரண்டு கை மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கும் போட்டு மூடாக்கைத் திரும்பப் பரப்புகிறேன். நிழல் வலையைச் சுருட்டி வைத்துவிடுகிறேன். முதல் மழை கழிந்து பத்துப் பதினைந்து நாளில் அந்தக் கணுப் புடைப்பு பச்சையாகவே நிற்கிற பூக்களைப் பார்க்கலாம். இதழ் காய்ந்து, கூம்பு பழுப்பாகி, அதைத் தள்ளிக்கொண்டு மிளகு அளவில் பச்சைக் காய் வெளியே வரும். இந்த இரண்டாவது காய்ப்பு மார்ச் அளவுக்கு இருக்காது, காயும் கொஞ்சம் சிறுத்துத்தான் வரும். ஆனால் அது பழுக்கிற நேரம் ஜூலை கடைசி, ஆகஸ்ட். கடையில் விலை கேட்டுவிட்டு நகர்ந்து போகிற நேரம்.

கோடையைத் தாண்டி நின்ற செடிகளில் எது திடமாக இருக்கிறதோ, வைரஸ் அடையாளம் துளியும் இல்லாமல் இருக்கிறதோ, அதன் பக்கக் கிளைகளை ஜூலையில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமான கோகோபீட்டில் செருகி நிழலில் வைக்கிறேன். தக்காளித் தண்டு சுலபமாக வேர் விடும், பத்து நாள் போதும். விதையிலிருந்து வரும் நாற்றைவிட முன்னதாகப் பூத்துவிடும். பி.கே.எம் 1இல் விதையும் எடுத்துக்கொள்கிறேன். பழத்தின் கொழகொழப்போடு விதையைக் கிண்ணத்தில் பிழிந்து, ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு, அலசி, நிழலில் தட்டில் உலர்த்தி, காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி வைத்தால் டிசம்பருக்கு ஆச்சு. வீரிய ஒட்டு ரகங்களில் இது வேண்டாம், தாய்ச் செடி மாதிரி வராது.

புதுச் செடிகள் வேர் பிடித்ததும் பழையதை வெட்டிவிடுகிறேன். அந்தப் பையின் மண்ணைத் தளத்தில் பரப்பி ஒரு வாரம் வெயில் காட்டி, மக்கிய தொழுவுரம் கலந்து திரும்ப நிரப்பி, அதில் கத்தரியோ மிளகாயோ வைக்காமல், வெண்டையோ கொத்தவரையோ போடுகிறேன். தக்காளி வேறு பைக்குப் போகிறது.